கலத்தின் பெயரும் கண்ணுக்கு எட்டும் எழுத்தும்

பெயர் சூட்டுதல் தமிழர்க்குப் புதிய கலை அன்று. பிறந்த குழந்தைக்கும், கட்டி முடித்த வீட்டுக்கும், தொடங்கிய கடைக்கும் பெயர் தேடி நாம் படும் பாடு பெரிது. பெயரை இடுகுறி என்றும் காரணம் என்றும் வகுத்துக் காட்டும் இலக்கணமும் நம்மிடம் உண்டு. ஆயினும், படகுக்குப் பெயரிடும்போது மட்டும் அதுவும் வீட்டுக்கு இடும் பெயரைப் போன்றதே என்று எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் பொருந்துமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டின் பெயரைப் படிப்பவன் வாயிலில் நின்று படிக்கிறான். குழந்தையின் பெயரைச் சொல்பவள் அதை நாள்தோறும் சொல்லிப் பழகிய தாய். படகின் பெயரைப் படிப்பவனோ அயலான். அவன் நிற்கும் தளமும் அசைகிறது. அவன் பார்க்கும் கலமும் அசைகிறது. கடலின் ஒளியும் பனியும் மழையும் அவன் கண்ணை மறைக்கின்றன. படித்ததை அவன் இன்னொருவனுக்குச் சொல்ல வேண்டும். கேட்டவன் பிழையின்றி எழுதிக்கொள்ள வேண்டும். மோதிவிட்டு நில்லாமற் போன படகு எது, கரை திரும்பாத படகு எது, உதவி கேட்டுக் கூவும் படகு எது என்னும் வினாக்களுக்கெல்லாம் முதல் விடை அந்தப் பெயரே. ஆகவே படகுப் பெயரின் குணத்தையும் குற்றத்தையும் சூட்டியவனுடைய ஆசையைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. படிக்கும் அயலானுடைய கண்ணையும் காதையும் கொண்டே அளத்தல் வேண்டும்.

வெண்கல மணி சொல்லும் பாடம்

தமிழ் எழுத்தில் அமைந்த கப்பற் பெயர் ஒன்று உலகின் தென்கோடியில் இன்றும் இருக்கிறது. வில்லியம் கொலென்சோ என்னும் கிறித்துவத் தொண்டர், ஏறத்தாழ 1836-ஆம் ஆண்டில், நியூசிலாந்தின் வட பகுதியிலுள்ள வாங்கரெய் என்னும் ஊருக்கு அருகில் ஒரு வெண்கலக் கலத்தைக் கண்டார். மவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொண்டிருந்தனர். அது பாத்திரம் அன்று. விளிம்பு உடைந்த கப்பல் மணி. அதைச் சுற்றிப் பொறித்திருந்த எழுத்து தமிழ் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. முகைதீன் பக்சு என்பவருடைய அல்லது அப்பெயருடைய கப்பலின் மணி என்பது அதன் பொருள். அந்த மணி இப்போது வெலிங்டன் நகரிலுள்ள தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மரத்தால் ஆன கப்பல் அழிந்தது; அதில் சென்றவர்களும் மறைந்தனர். வார்ப்பில் அமைந்த பெயர் மட்டும் நின்றது. அதனால் அன்றோ அது தமிழர் கலம் ஒன்றின் மணி என்று இன்று சொல்ல முடிகிறது? எழுதப்பட்ட பெயரின் ஆற்றலுக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

எனினும், திறனாய்வாளன் இதில் ஒரு குறையையும் காண்கிறான். மேலே ‘என்பவருடைய அல்லது அப்பெயருடைய’ என்று எழுத நேர்ந்ததன் காரணம் என்ன? வாசகத்தில் ‘உடைய’ என்னும் சொல் வருகிறது. முகைதீன் பக்சு கப்பலின் பெயரா, கப்பலை உடையவரின் பெயரா என்பதை அச்சொல் தீர்த்துச் சொல்லவில்லை. சோழமண்டலக் கரையில் வாழ்ந்த முசுலிம் கப்பலோட்டிகள் ஞானி முகியித்தீன் பெயரால் கலங்களுக்குப் பெயரிடுவது வழக்கம். அதே பெயரை ஆடவர்க்கு இடுவதும் வழக்கம். இரண்டு பொருளும் இயையும்போது அயலான் மயங்குகிறான். ஜப்பானியர் தம் வணிகக் கலங்களின் பெயர் இறுதியில் ‘மாரு’ என்று சேர்ப்பதை நினைத்துப் பார்த்தால், அதன் பயன் விளங்கும். அந்த ஈற்றைக் கேட்ட அளவிலே, இது ஆளின் பெயர் அன்று, கலத்தின் பெயர் என்பது தெரிந்துவிடும்.

மணியின் எழுத்தில் மற்றொன்றும் உண்டு. பழைய ஓலையிலும் கல்லிலும் போலவே இதிலும் புள்ளிகள் இல்லை. மெய்யெழுத்தும், குற்றெழுத்தாகிய எகர ஒகரங்களும் புள்ளி பெறும் என்று தொல்காப்பியர் விதித்திருந்தும், எழுதுவோர் அப்புள்ளியைப் பெரிதும் விட்டுவிட்டனர். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவால் வேறுபடுத்திய பெருமை வீரமாமுனிவருக்கு உரியது. ஓலை படிப்பவனுக்கு இடம் நோக்கிப் பொருள் கொள்ள நேரம் இருந்தது. கடலில் எதிரே வருபவனுக்கு அந்த நேரம் இல்லை. எத்தனை நேரம் உண்டு என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம்.

சட்டம் கேட்பதும் கண் கேட்பதும்

கலத்தின் பெயர் விளங்க வேண்டும் என்பதைச் சட்டம் நெடுங்காலமாக வற்புறுத்தி வருகிறது. பிரிட்டனின் 1894-ஆம் ஆண்டு வணிகக் கப்பற் சட்டம், அணியத்தின் இரு பக்கங்களிலும் பெயரும், அமரத்தில் பெயரோடு பதிவுத் துறைமுகத்தின் பெயரும் இருக்க வேண்டும் என்றது. எழுத்தின் உயரம் 4 அங்குலத்துக்குக் குறையலாகாது. கரிய தளத்தில் வெள்ளை அல்லது மஞ்சள் எழுத்து, வெளிய தளத்தில் கறுப்பு எழுத்து என்று நிறத்தையும் அதுவே வகுத்தது. அமெரிக்க விதியும் அதே 4 அங்குலத்தைக் கேட்கிறது. அதனோடு, பெயர் 33 எழுத்துகளுக்கு மேற்படலாகாது என்றும், கடலில் உதவி கேட்கும் சொல்லைப் போல் ஒலிக்கலாகாது என்றும் கூறுகிறது. பெரிய கப்பல்களுக்கோ, பெயர் மாறினாலும் மாறாத எண் ஒன்றும் உண்டு. அவ்வெண்ணைக் கப்பலின் மேல் நிலையாகப் பொறிக்க வேண்டும் என்னும் பன்னாட்டு விதி 2004-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. வெளிப்புறத்தில் பொறிக்கும் அந்த எண்ணின் உயரம் 200 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது.

இந்த அளவுகள் எவ்வளவு தொலைவுக்குப் பயன்படும்? கண் மருத்துவர் சுவரில் மாட்டும் எழுத்து அட்டையை அறியாதார் இல்லை. அதை 1862-ஆம் ஆண்டில் அமைத்தவர் இசுநெல்லன் என்னும் டச்சு மருத்துவர். அவர் கணக்கின்படி, குறையில்லாத கண் 6 மீட்டர் தொலைவில் படிக்கத் தக்க எழுத்தின் உயரம் ஏறத்தாழ 8.7 மில்லிமீட்டர். அக்கணக்கை நீட்டினால் 4 அங்குல எழுத்து 70 மீட்டர் வரை எட்டும். 200 மில்லிமீட்டர் எழுத்து அதன் இருமடங்கு எட்டும். இது அசையாத கண்ணுக்கும், அசையாத எழுத்துக்கும், நல்ல ஒளிக்கும் உரிய எல்லை. மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் செல்லும் படகு 70 மீட்டரை ஏழு நொடிக்குள் கடந்துவிடும். ஆகவே 4 அங்குலம் என்பது சட்டம் பொறுத்துக்கொள்ளும் சிறுமையே அன்றி, போதிய பெருமை ஆகாது.

இனித் தமிழ் எழுத்துக்கு வருவோம். இசுநெல்லன் அட்டை உரோமன் எழுத்தை உயரத்தில் ஐந்து பங்காகப் பிரித்து, ஒரு கோட்டின் பருமன் ஒரு பங்கு என்று கொண்டது. நம் ணகரமும் ஐகாரமும், இகர ஈகாரங்களின் விசிறிகளும், உகர ஊகாரங்களின் வால்களும் அந்த ஐந்து பங்கில் அடங்குமா? அடங்கா. அதே உயரத்தில் எழுதினால் கோடுகள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். எனவே உரோமன் எழுத்துக்கு 4 அங்குலம் போதும் என்றால், தமிழுக்கு அதனினும் மிகுதி வேண்டும். இது தமிழுக்குக் குறை அன்று; அதன் இயல்பு. இயல்பை அறிந்து இடம் கொடுப்பது எழுதுபவன் கடமை.

எழுத்தின் உயரத்தைப் போலவே சொல்லின் அமைப்பையும் நோக்க வேண்டும். ‘தாரா’ என்று ஒரு படகின் பெயரைக் கொள்வோம். அருகிலிருந்து பார்ப்பவனுக்கு அழகிய சிறு பெயர். தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கோ முதலில் ஒரு தகரம். பின்னர் ஒன்றை ஒன்று ஒத்த மூன்று கால்கள். காலுக்கும் ரகரத்துக்கும் உள்ள வேறுபாடு அடியிலுள்ள சிறு சாய்வு மட்டுமே; அலை தெறித்தால் அதுவும் மறையும். ‘கண்ணன்’ என்னும் பெயரில் இரண்டு புள்ளிகள். உப்புநீர் பட்டுச் சாயம் உரிகையில் முதலில் அழிவது புள்ளியே. ஓராண்டு கழித்து அதைப் படிக்கும் அயலான் என்ன உச்சரிப்பானோ! ‘வெற்றி’யும் ‘தென்றலு’ம் நல்ல சொற்களே, ஆனால் ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பாக மயங்கும் இடமும், புள்ளி மறைந்தால் சொல்லே மறையும் இடமும் அவற்றில் உண்டு. இத்தகைய பெயரை விரும்புகிறவர் எழுத்தைப் பெரிதாக்கி, புள்ளியைக் கொட்டைப் பாக்கின் அளவுக்காவது வைக்க வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். நீலப் படகில் சிவப்பு எழுத்து எழுதுவதில் நம்மவர்க்குத் தனி விருப்பம். நண்பகலில் அது எடுப்பாகவே தோன்றும். ஆனால் பொழுது சாயும்போது மனிதக் கண்ணுக்குச் செந்நிறம் முதலில் கருத்துவிடும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே புர்க்கின்யே என்னும் அறிஞர் கண்ட உண்மை. படகுகள் கரை திரும்பும் அந்திவேளையில், எழுத்து மிக வேண்டிய அந்நேரத்தில், சிவப்பெழுத்து இருளோடு கலந்துவிடுகிறது. சட்டம் வெள்ளையையும் மஞ்சளையும் கறுப்பையும் மட்டும் சொன்னது வறட்டு விதி அன்று என்பது இதனால் தெளிவாகும். இனி, எழுத்துக்கு நிழல் தீட்டுவது, சினிமா விளம்பரம் போல் வளைத்து எழுதுவது, எழுத்தின் நடுவே மீனும் தாமரையும் வரைவது ஆகியவை எழுதுபவன் கைத்திறத்தைக் காட்டும், பெயரைக் காட்டா. பெயரை நன்றாக எழுதிய பின், அதன் மேலேயே பழைய டயரையும் வலையையும் தொங்கவிடுவாரும் உளர். அவர்களுக்குச் சாயச் செலவு வீண்.

எழுத்தறியாதார் கூடத் தொலைவிலேயே கலத்தை அறிய வேண்டும் என்று எண்ணியவர்கள் சீனர்கள். குவாங்டுங் மாநிலத்துக் கலங்களின் முகப்பில் சிவப்பும், புகியன் மாநிலத்துக் கலங்களின் முகப்பில் பச்சையும் தீட்டும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. நிறம் ஊரைச் சொல்லும். ஆனால் ஆளைச் சொல்லாது. ஊருக்குள் ஒரு கலத்தைத் தனித்துக் காட்டப் பெயரே வேண்டும்.

காதுக்கு ஏற்ற பெயர்

கண்ணுக்கு அடுத்தது காது. ஆபத்தில் சிக்கிய கலம் வானொலியில் உதவி கேட்கும் முறை உலகெங்கும் ஒன்றே. ‘மேடே’ என்னும் சொல்லை மும்முறை சொல்லி, கலத்தின் பெயரையும் மும்முறை சொல்ல வேண்டும். நீர் உட்புகும் வேளையில், காற்றின் இரைச்சலில், அச்சத்தில் உலர்ந்த நாவால் மூன்று முறை சொல்லத் தக்கதாக அப்பெயர் இருக்கிறதா? படகுக்குப் பெயரிடுவோர் அனைவரும் இந்த ஒரு சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். ‘அருள்மிகு ஸ்ரீ’ என்று தொடங்கி ‘துணை’ என்று முடியும் நெடும்பெயர் இச்சோதனையில் தேறாது. ‘மா’, ‘பூ’ போன்ற ஓரெழுத்துப் பெயரும் தேறாது. இரைச்சலில் அது சொல்லாகவே கேட்காது. மூன்று நான்கு அசையும், தெளிந்த உயிரோசையும் உடைய பெயரே இங்கு ஏற்றம் பெறும்.

ஒரே துறையில் ‘நீலா’வும் ‘லீலா’வும் இருந்தால் என்ன ஆகும்? ‘வேலனு’ம் ‘பாலனு’ம் இருந்தால்? தமிழ்நாட்டுக் கடற்கரையில் வேளாங்கண்ணி அன்னையின் பெயரைத் தாங்கும் படகுகள் பல. அன்பினால் விளைந்த பெயர்தான். ஆனால் புயல் இரவில் ஒரு வேளாங்கண்ணி காணவில்லை என்றால், கரையில் இருப்பவர் எந்த வேளாங்கண்ணி என்று கேட்கவேண்டி வருகிறது. அரசாங்கம் மீன்பிடி படகுகளுக்குப் பதிவெண் கொடுத்திருப்பதன் காரணம் இதுவே. எனினும் எண்ணை எழுதி வைக்கிறோம். பெயரைத்தான் நினைவில் வைக்கிறோம். ஆகவே எண் இருக்கிறது என்று பெயரைக் கவனியாது விடலாகாது.

இவ்விடத்தில் தமிழாசிரியர் மனம் சற்று வருந்தக்கூடிய ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நமக்குச் சிறப்பு ழகரம். ‘யாழ்’, ‘எழிலி’, ‘பொழில்’ என்று பெயரிட நாம் விரும்புகிறோம். ஆனால் பன்னாட்டுக் கடலில் ஓடும் கலம் உரோமன் எழுத்திலும் பெயர் தாங்க வேண்டியிருக்கிறது. அங்கே ழகரம் ‘இசட், எச்’ என்னும் இரண்டு எழுத்தாகிறது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் அவ்விரண்டையும் காணும் சீன அன்பர் தம் மொழி வழக்கப்படி அதைச் சகரத்தோடும் ஜகரத்தோடும் ஒட்டி ஒலிப்பார். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் வேறு விதமாக ஒலிப்பார். பெயர் தாங்கிய கலமோ தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று அறியாமல் இருக்கும். ழகரத்தின் பெருமையைக் காக்க வேண்டிய இடங்கள் பல. உயிர் காக்கும் பலகை அவற்றுள் ஒன்று அன்று.

சில பெயர்களை உரைத்துப் பார்ப்போம்

வ. உ. சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவி, 1907-இல் கொண்டுவந்த கப்பல்கள் இரண்டு: காலியா, லாவோ. நாட்டுப் பற்றின் சின்னங்களாகிய அவ்விரு கலங்களும் அயல்நாட்டுப் பெயர்களையே தாங்கி நின்றன. ‘காலியா’ என்பது பிரான்சு நாட்டின் பழைய இலத்தீன் பெயர். தூத்துக்குடித் துறையில் அதைக் கேட்டவன் காதில் அது ஒரு வினாவாக ஒலிக்கும்: கப்பல் காலியா? ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பயணிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்த காலத்தில் இதனினும் பொருந்தாத பெயர் வாய்த்திருக்க முடியாது. சிதம்பரனார் செயலின் பெருமை இதனால் சிறிதும் குறையாது. பிறமொழிப் பெயர் கேட்பவன் மொழியில் என்னவாக ஒலிக்கும் என்பதற்கே இதைக் காட்டினோம்.

மலாயாவுக்கு வந்த தமிழர் மறக்கமுடியாத பெயர் ‘ரஜுலா’. 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல், போர்க்காலம் நீங்கலாக, 1970-ஆம் ஆண்டுகளின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளை இணைத்தது. ரஜுலா என்பது குஜராத்திலுள்ள ஓர் ஊர். கப்பலேறிய தமிழர் பலர் அதன் பொருளை அறியார். ஆயினும் எழுத்தறியாத பாட்டியும் அதைப் பிழையின்றிச் சொன்னாள். காரணம் யாது? மூன்றே எழுத்து, புள்ளி இல்லை, மூன்றும் வாய் திறந்து ஒலிக்கும் உயிர்மெய், அதைப்போன்ற வேறு பெயர் துறையில் இல்லை. தமிழ்ப் பெயர் அன்று என்பதற்காக அதன் குணத்தை மறைப்பது நடுநிலை ஆகாது.

பிரான்சு நாட்டில் ‘பாசுத்தர்’ என்னும் பெயரோடு ஓடிய கப்பல், 1972-இல் இந்தியக் கப்பற் கழகத்தின் கைக்கு வந்து ‘சிதம்பரம்’ ஆயிற்று. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அது ஓடியது; 1985-இல் தீவிபத்துக்கு உள்ளாகிப் பயணத்தை முடித்தது. கோயிலை நினைப்பவர்க்குக் கோயில். கப்பலோட்டிய தமிழரை நினைப்பவர்க்கு அவர். பொருளால் நிறைந்த பெயர் என்பதில் ஐயமில்லை. ஓசையில் மகர ஒற்று இருமுறை வந்து சற்றே மந்தமாகிறது. உரோமன் எழுத்தில் 11 எழுத்து நீள்கிறது. பெரிய கப்பலின் நீண்ட பக்கத்துக்கு அது பொருந்தும். சிறு படகுக்குப் பொருந்தாது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் தொடங்கிய பயணக் கப்பலின் பெயர் ‘செரியபாணி’. இரண்டு கரையும் தமிழ்க் கரை. பெயரோ இலட்சத்தீவுப் பகுதியைச் சேர்ந்தது. அங்கு உரிய பெயர்தான். இங்குப் படிப்பவன் செரித்தலையும் பாணியையும் சேர்த்துப் பொருள் தேடித் தவிப்பான். 2024-இல் அத்தடத்தில் வந்தது ‘சிவகங்கை’. இரு கரையினரும் பார்த்த அளவிலே படிப்பர். உரோமன் எழுத்திலும் சிதையாது. ஒரே ஒரு புள்ளி. அரசியும் நீரும் அதில் சேர்ந்து நினைவுக்கு வருகின்றன. இடத்துக்கு ஏற்ற பெயர் என்று இதனைப் பாராட்டலாம்.

நம் இலக்கியத்தில் கலத்துக்கென்றே அமைந்தது போன்ற பெயர் ஒன்று உண்டு. அது ‘மணிமேகலை’. கோவலனின் முன்னோன் ஒருவன் கடலில் கலமுடைந்து துன்புற்றபோது அவனைக் காத்தது மணிமேகலா தெய்வம். அந்த நன்றியை நினைந்தே கோவலன் தன் மகளுக்கு அப்பெயரைச் சூட்டினான் என்பது சிலப்பதிகாரச் செய்தி. கடலில் உயிர் காத்த நினைவே பெயர்க் காரணம் ஆயிற்று. அந்தத் தெய்வத்தின் பெயர் ‘மேகலா’ என்று தாய்லாந்து, கம்போடியா நாடுகளிலும் வழங்குகிறது. எழுத்தை நோக்கினால், ஐந்து எழுத்திலும் புள்ளி இல்லை, ழகரமும் இல்லை. குறை சொல்லப்போனால், ணிகரம் நெருக்கமானது. மேகாரத்தின் இரட்டைக் கொம்பு தெளிய எழுத வேண்டுவது. எழுத்தைப் பெரிதாக்கினால் இரண்டும் தீரும்.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

‘படகு என்னுடையது; கடவுள் பெயரோ, தாய் பெயரோ, தலைவன் பெயரோ நான் விரும்பியதை வைப்பேன்; எழுத்தை எண்ணிப் பார்த்தா அன்பு செய்வது?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கடலுக்குப் போகிறவனுடைய பெயரில் அச்சமும் நம்பிக்கையும் கலந்திருக்கின்றன. அவற்றை ஏளனம் செய்ய நமக்கு உரிமை இல்லை. நாம் சொல்வது இவ்வளவே: வேண்டுதலுக்கு உரிய இடம் சுக்கான் பிடிப்பவன் கண்ணெதிரே, பெயருக்கு உரிய இடம் அயலான் கண்ணெதிரே. தாயின் முழுப்பெயரை அறையின் உள்ளே எழுதிக்கொள்க. அதில் மூன்றெழுத்தை எடுத்து வெளியே எழுதுக. அணியத்தில் தமிழையும் அதன் கீழே உரோமனையும் தனித்தனி வரியாக வைக்கலாம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னலாகாது. அன்புக்கும் குறைவில்லை, அறிவுக்கும் குறைவில்லை.

நன்னூலார் நூலுக்குச் சொன்ன பத்து அழகுகளில் சுருக்கத்தையும் விளக்கத்தையும் முதலில் வைத்தார். இரண்டும் ஒன்றை ஒன்று விடாமல் நிற்க வேண்டும் என்பது கருத்து. கட்டுரையில் அவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், படகுப் பெயரைக் கொண்டும் கற்பிக்கலாம். மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பெயரைத் தேர்ந்து 4 அங்குல எழுத்தில் அட்டையில் எழுதட்டும். அதைத் திடலின் ஒரு கோடியில் நிறுத்தி, மறுகோடியில் இருக்கும் மாணவன் படித்து, பெயர் தெரியாத மூன்றாமவனுக்கு உரக்கச் சொல்லட்டும், அவன் எழுதிக்காட்டட்டும். எழுதியதும் எழுதப்பட்டதும் ஒன்றாயின் பெயர் தேறியது. வேறாயின் எந்த எழுத்தில், எந்த ஓசையில் பிறழ்ந்தது என்று ஆராயட்டும். எழுத்திலக்கணம் எதற்கு என்று கேட்கும் மாணவனுக்கு அந்தத் திடலிலேயே விடை கிடைத்துவிடும்.